பைக் பேட்டரி சார்ஜ் நிற்கவில்லையா? புதுசு வாங்கும் முன் மீட்டரை வைத்துப் பாருங்கள்

செல்ஃப் பட்டனை அமுக்கினால் சீட்டுக்கு அடியிலிருந்து டக் டக் என்று ரிலே சத்தம் மட்டும் வருகிறது, கன்சோல் விளக்கு மங்கி மங்கி எரிகிறது, ஹார்ன் சளி பிடித்த தொண்டை மாதிரி முனகுகிறது. தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விட்டால் பெரும்பாலும் வரும் பதில் "பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்பதுதான். மாற்றுகிறோம், இரண்டு மூன்று மாதம் ஜோராக ஓடுகிறது, அப்புறம் மறுபடியும் அதே டக் டக். செத்தது பேட்டரிதான், சந்தேகமில்லை. ஆனால் அதைச் சாகடித்தது வண்டியிலேயே வேறு எங்கோ உட்கார்ந்திருக்கிறது, புதுப் பேட்டரியையும் அது அதே வழியில் முடித்துவிடும்.

பேட்டரி இறங்குவதற்கு நான்கே காரணம்தான். பேட்டரிக்கு சார்ஜ் போய்ச் சேரவில்லை, சேர்ந்தது எங்கோ கசிகிறது, பேட்டரியால் பிடித்து வைக்க முடியவில்லை, இல்லையென்றால் நீங்கள் வண்டியை ஓட்டும் விதமே அப்படி. கடைசிக் காரணத்தை எந்தக் கடையிலும் சொல்லமாட்டார்கள், ஆனால் வீட்டு உபயோக ஸ்கூட்டர்களில் அதுதான் அதிகம். எது என்று கண்டுபிடிக்க ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். எலக்ட்ரிக்கல் கடையில் தொங்கும் மஞ்சள் நிற மீட்டரே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், சென்னைக்காரர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி வாங்கலாம். கருப்பு வயர் 'காம்' என்று போட்ட ஓட்டையில், சிவப்பு வயர் வோல்ட் ஓட்டையில், டயல் டிசி 20-இல். சிவப்பு வயர் 10 ஆம்பியர் ஓட்டையில் இருக்கும்போது மட்டும் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துவிடாதீர்கள், அது நேரடி ஷார்ட், வயர் உருகிவிடும்.

முதலில் கண்ணால் பாருங்கள்

ஸ்கூட்டர் என்றால் பேட்டரி கால் வைக்கும் பலகைக்குக் கீழேயோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும், பைக்கில் பக்கவாட்டு கவருக்குள் அல்லது சீட்டுக்கு அடியில். கவரைக் கழற்றியதும் மீட்டரை எடுக்க அவசரப்படாமல் டெர்மினல் வயரை விரலால் பிடித்து லேசாக ஆட்டுங்கள். அசைந்தால் பாதி வேலை முடிந்தது. குண்டும் குழியுமான ரோட்டில் ஓடும் வண்டியில் டெர்மினல் ஸ்குரூ தானாகத் தளர்ந்துபோவது சாதாரணம், தளர்ந்த இடத்தில் ஹார்ன் அடிக்கும், விளக்கு எரியும், ஆனால் செல்ஃப் மோட்டார் கேட்கும் பெரிய கரண்ட் மட்டும் அந்த வழியாகப் போகாது. முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் அதுவும் அதே கதைதான். வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவைக் கரைத்து பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் ஊற்ற மேலே மூடிகள் வைத்த பேட்டரி என்றால் அந்தச் சோடாத் தண்ணீர் ஓட்டை வழியாக உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகத் துடைத்துக் காயவைத்து, ஸ்குரூவை இறுக்கிய பிறகு மேலே லேசாக வாஸ்லின் தடவுங்கள். முதலில் தடவிவிட்டு அப்புறம் இறுக்குவது தலைகீழ்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். பாசிட்டிவ்வைக் கழற்றும்போது ஸ்பேனர் சேசிஸில் பட்டால்கூட, நெகட்டிவ் ஏற்கனவே கழன்றிருப்பதால் பொறி பறக்காது, அதற்காகத்தான் இந்த வரிசை. இன்னொரு சின்ன எரிச்சல் உண்டு: டெர்மினல் பொந்துக்குள் உட்கார்ந்திருக்கும் அந்தச் சதுர நட். ஸ்குரூவை நுழைக்கப் போனால் அது கீழே இறங்கி நிற்கும், ஸ்குரூ எட்டவே எட்டாது. நட்டுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சையோ ரப்பர் டியூபையோ சொருகி வைத்தால் நட் மேலே வந்து நிற்கும், ஒரே சுற்றில் பிடித்துவிடும்.

பெட்டியின் பக்கவாட்டையும் ஒரு பார்வை பாருங்கள். நேராக இருக்க வேண்டிய சுவர் உப்பியிருந்தால் அந்தப் பேட்டரி அதிக வோல்டேஜில் வெந்திருக்கிறது என்று அர்த்தம். அதை மாற்றத்தான் வேண்டும், ஆனால் சார்ஜிங் வோல்டேஜைப் பார்க்காமல் மாற்றினால் அடுத்ததும் உப்பும்.

நிறுத்தி வைத்த வண்டியில் வோல்ட்

வண்டியை ஓட்டி வந்த கையோடு பார்த்தால் 13 வோல்ட்டுக்கு மேலே காட்டி ஏமாற்றும், அது மேலோட்டமான சார்ஜ். ராத்திரி நிறுத்திவிட்டு காலையில், சாவி போடுவதற்கு முன் பாருங்கள். 12.6-க்கு மேலே இருந்தால் நிறைந்த பேட்டரி, மெயின்டனன்ஸ் ஃப்ரீ (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத) வகையில் புதுசாக இருந்தால் 12.8, 12.9 வரை காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. "12 வோல்ட் பேட்டரிதானே, 12 காட்டுதே, நல்லாத்தானே இருக்கு" என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உள்ளே ஆறு செல் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 2.1 வோல்ட், ஆக நிறைந்த பேட்டரி என்றால் 12.6. எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் 10.5-ஐ ஒட்டியே வந்து நின்றால் ஒரு செல் ஷார்ட் ஆகிவிட்டது, அதற்கு வைத்தியம் கிடையாது.

செல்ஃப் அடிக்கும்போது வோல்ட்

இதைத்தான் நான் அதிகம் நம்புவேன். மீட்டர் முனைகளை பேட்டரி டெர்மினலிலேயே பிடித்துக்கொண்டு, இன்னொருவரைச் செல்ஃப் அமுக்கச் சொல்லுங்கள். வயர் நுனியில் இருக்கும் வளையத்தின் (லக்) மேல் பிடிக்காதீர்கள், பேட்டரியின் சொந்த ஈய முனையில் பிடியுங்கள். 12.6-இலிருந்து 10.5, 11 என்று இறங்கி வண்டி ஸ்டார்ட் ஆனதும் ஏறினால் பேட்டரி நலமாக இருக்கிறது. 9.5-க்குக் கீழே போனால் அது காலியாக இருக்கிறது அல்லது தளர்ந்துவிட்டது, எது என்று முழு சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தால் தெரியும். காலையில் 12.7 காட்டிய பேட்டரி செல்ஃப் அமுக்கியதும் 6, 7 என்று விழுந்தால் உள்ளே பிளேட் போய்விட்டது, மேலே காட்டிய 12.7 வெறும் வேஷம்.

இப்போது தலைகீழ் நிலைமை ஒன்று. பட்டனை அமுக்குகிறீர்கள், மோட்டார் அசையவே இல்லை, ஆனால் மீட்டரில் 12.5 அசையாமல் நிற்கிறது. அப்படியென்றால் பேட்டரியிடம் யாரும் கரண்ட் கேட்கவே இல்லை. கிளட்ச் சுவிட்ச், பிரேக் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சென்சார், ஸ்டார்ட்டர் ரிலே, நெகட்டிவ் வயர் எஞ்சினில் போய்ச் சேரும் அந்த போல்ட், இவற்றில் ஏதோ ஒன்று. இந்த நிலைமையில் பேட்டரி மாற்றினால் பணம் தண்டம்தான்.

ஓடும்போது வோல்ட்

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். ஸ்கூட்டரில் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பின் சக்கரம் சுற்றும், ஸ்டாண்டு உறுதியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஐடிலில் 13-ஐ ஒட்டி இருக்கும். ஆக்சிலரேட்டரை மெதுவாக ஏற்றி 4000, 5000 ஆர்.பி.எம். வரை கொண்டுபோனால் 13.5-க்கும் 14.8-க்கும் நடுவே வந்து நிற்க வேண்டும், ஆரோக்கியமான வண்டிகளில் பெரும்பாலும் 14-ஐத் தாண்டி இருக்கும். பழைய 100 சிசி வண்டிகளில் எண் கொஞ்சம் துள்ளும், சராசரியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றினாலும் 12.5-இலேயே இருக்கிறது அல்லது இன்னும் இறங்குகிறது என்றால் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டினால், பேட்டரிக்குப் போகும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர், கடைக்காரர் வாயில் ஆர்.ஆர். யூனிட், கட்டுப்பாட்டை விட்டுவிட்டது. பேட்டரி உப்புவதும், பல்பு அடிக்கடி ஃபியூஸ் போவதும் இதனால்தான். இரண்டு நிலைமையிலும் பேட்டரிமேல் பழி போடக்கூடாது.

சார்ஜ் வரவில்லை என்றால் உடனே எஞ்சினுக்குள் கரண்ட் உண்டாக்கும் காயிலை மாற்றக் கிளம்பாதீர்கள். முதலில் ஆர்.ஆர். யூனிட்டுக்குப் போகும் கப்ளரை, அதாவது வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்கை, பிரித்துப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் பிஸ்கட் நிறத்தில் கருகியிருக்கும், உள்ளே பின் ஒன்று பச்சை பூத்து நிற்கும். மழைத் தண்ணீர் போன வண்டிகளில் இது சர்வ சாதாரணம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த மாதிரியான வண்டி என்றால் பேட்டரியை மாற்றிவிட்டுக் கப்ளர்களைத் தொடாமல் விட்டிருக்கலாம், முதலில் அங்கே தேடுங்கள். கருகிய பின்னை வெட்டிவிட்டுப் புதுப் பின் அடித்துப் போட்டால் பல நேரம் அதோடு சரியாகிவிடும், சின்னச் செலவுதான். கப்ளர் நன்றாக இருக்கிறதா? எஞ்சின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை ஆர்.ஆர். யூனிட்டின் பாசிட்டிவ் வெளியீட்டிலும் இன்னொன்றை பேட்டரி பாசிட்டிவ்விலும் வையுங்கள். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் நடுவில் வயரோ ஃபியூஸ் ஹோல்டரோ சார்ஜைத் தின்கிறது.

காயிலைச் சோதிப்பது மூன்று மஞ்சள் வயர் வரும் வண்டிகளில் சுலபம். ஆர்.ஆர். கப்ளரைக் கழற்றிவிட்டு, மீட்டரை ஏசி 200-இல் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, மூன்று வயரையும் இரண்டிரண்டாகப் பாருங்கள். ஆர்.பி.எம். ஏற ஏற வோல்டேஜும் ஏற வேண்டும், மூன்று ஜோடியிலும் கிட்டத்தட்ட ஒரே எண் வர வேண்டும். எத்தனை வோல்ட் என்பது வண்டிக்கு வண்டி மாறும், எனவே எண்ணைவிட மூன்றும் சமமா என்பதைப் பாருங்கள். கையை வெறும் வயரில் வைக்காதீர்கள், அந்த ஏசி நன்றாகவே அடிக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு மஞ்சள் வயருக்கும் எஞ்சின் பாடிக்கும் இடையே ஓம் பாருங்கள், தொடர்பே இருக்கக்கூடாது. இருந்தால் காயில் பாடியில் அடிக்கிறது. பழைய ஸ்கூட்டர்களிலும் சின்ன வண்டிகளிலும் காயிலின் ஒரு முனை பாடியோடு இணைந்தே இருக்கும், அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது. சத்தமில்லாமல் ஸ்டார்ட் ஆகும் புது ஸ்கூட்டர்களில் அதே காயில்தான் ஸ்டார்ட்டர் மோட்டாராகவும் வேலை செய்கிறது, எல்லாம் ஒரு கன்ட்ரோல் பெட்டிக்குள் இருக்கும், அதைக் கம்பெனி ஆட்களிடமே விட்டுவிடுவது நல்லது.

காயில் மூன்றிலும் சமமாகக் கொடுக்கிறது, வயர் நன்றாக இருக்கிறது, பேட்டரியில் மட்டும் 14 வரவில்லை என்றால் மிச்சம் இருப்பது ஆர்.ஆர். யூனிட்தான்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்த்து "ஆஃப் ஆகல, அப்ப சார்ஜிங் நல்லா இருக்கு" என்று சொல்லும் பழக்கம் சில மெக்கானிக்குகளிடம் இன்னும் இருக்கிறது. கார்புரேட்டர் காலத்து வண்டியில் தப்பித்திருக்கலாம். ஃபியூல் இன்ஜெக்ஷன் வண்டியில் பேட்டரி இல்லாத நேரத்தில் வோல்டேஜ் எகிறி எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யு.வை அடித்தால் செலவு பேட்டரி விலையைப் பல மடங்கு தாண்டும். உங்கள் கண்முன்னே யாராவது கை வைத்தால் தாராளமாகத் தடுத்துவிடுங்கள்.

எங்கே கசிகிறது

மூன்று ரீடிங்கும் நன்றாக இருக்கிறது, ஆனால் நான்கு நாள் நிறுத்தி வைத்தால் இறங்கிவிடுகிறது. இதுதான் கசிவு. சாவி எடுத்த பிறகும் ஏதோ ஒன்று கரண்ட் குடிக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 20 மில்லி ஆம்பியர் என்பது ஒரு சின்ன எல்.இ.டி. எரியும் அளவு, யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். ஆனால் ஒரு நாளுக்கு 24 மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட அரை ஆம்பியர் அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு, பேட்டரியின் கொள்ளளவை இதில்தான் சொல்வார்கள்). உங்கள் ஸ்கூட்டர் பேட்டரியே 5 ஆம்பியர் அவர்தான் என்றால் பத்து நாளில் சுத்தமாகக் காலி, செல்ஃப் எடுக்காமல் போவதற்கு அதில் பாதி நாளே போதும். அதே கசிவு 14 ஆம்பியர் அவர் பேட்டரி போட்ட பழைய புல்லட்டில் இருந்தால் இரண்டு வாரம் தெரியவே தெரியாது. "என் ஃப்ரெண்டும் இதே மாதிரிதான் ஜிபிஎஸ் போட்டிருக்கான், அவன் வண்டிக்கு ஒண்ணும் ஆகல" என்பதற்கு இதுதான் பதில்.

அளப்பது எப்படி? சாவியை எடுத்துவிடுங்கள், நெகட்டிவ் வயரை பேட்டரியிலிருந்து கழற்றுங்கள், மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றி டயலையும் அங்கே வைத்து, கழற்றிய வயருக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் நடுவே மீட்டரைப் பாலம் போடுங்கள். இப்போது பேட்டரியிலிருந்து போகும் அத்தனை கரண்டும் மீட்டர் வழியாகத்தான் போகும். எண் 0.1-க்குக் கீழே என்றால் மட்டும் சிவப்பு வயரை மறுபடி வோல்ட் ஓட்டைக்கும் டயலை 200 மில்லி ஆம்பியர் வரிசைக்கும் மாற்றுங்கள், ஏனென்றால் மஞ்சள் மீட்டர் 10 ஆம்பியர் நிலையில் 10 மில்லி ஆம்பியருக்குக் கீழே எதையும் காட்டாது. இந்த நேரத்தில் சாவியைத் திருப்பினாலோ, பழக்க தோஷத்தில் செல்ஃப் அமுக்கினாலோ மீட்டர் அவுட். சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்து செய்யுங்கள். ஜிபிஎஸ், அலாரம் இருக்கும் வண்டியில் இணைத்ததும் எண் எகிறி, சில நிமிடத்தில் தானாக இறங்கும், இறங்கி நிற்கும் எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

எந்த எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்கும் இல்லாத சாதா வண்டி என்றால் 1 மில்லி ஆம்பியரை ஒட்டியே இருக்கும், டிஜிட்டல் கன்சோலும் கடிகாரமும் இருந்தால் ஓரிரண்டு கூடலாம். பத்தைத் தாண்டினால் தேட வேண்டும். மீட்டரை அப்படியே விட்டுவிட்டு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண் விழுகிறதோ அந்த லைனில்தான் திருடன் இருக்கிறான். எல்லா ஃபியூஸையும் பிடுங்கியும் விழவில்லையென்றால் ஃபியூஸுக்கு முன்னாலேயே பேட்டரியில் நேரடியாகக் கடித்து எடுத்த வயர் ஏதோ இருக்கிறது, அல்லது ஆர்.ஆர். யூனிட்டின் டையோடு பின்பக்கமாகக் கசிகிறது. அதன் கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருவரின் ஸ்கூட்டரில் இதுதான் நடந்தது. ஒரு கடையில் பேட்டரி மாற்றினார்கள், மறுபடி இறங்கியது, அதே கடையில் கம்பெனி பீஸே சரியில்லை என்றார்கள். மீட்டரைப் போட்டுப் பார்த்தால், ஹேண்டில்பாரில் போன் சார்ஜ் போட ஒரு யுஎஸ்பி சாக்கெட்டை யாரோ நேராக பேட்டரியிலேயே இணைத்திருந்தார்கள். அதிலிருந்த நீல விளக்கு பகலில் கண்ணுக்கே தெரியாது. அந்த ஒரு வயரை சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் லைனுக்கு மாற்றியதோடு சரி. ஃபாக் லேம்ப், ஹார்ன் செட்டு எதுவானாலும் சாவி லைனிலிருந்து ரிலே வைத்துப் போடச் சொல்லுங்கள். ஜிபிஎஸ் டிராக்கர் மட்டும் எப்போதும் விழித்திருக்க வேண்டிய சாமான், அதைப் போட்டுவிட்டு வாரக் கணக்கில் வண்டியை நிறுத்தினால் பேட்டரி இறங்குவது குறை இல்லை, கணக்கு.

வண்டியில் குறையே இல்லை என்றால்

இப்போது அந்த நான்காவது காரணம். காலையில் பால் வாங்க ஒரு கிலோமீட்டர், பிள்ளையை ஸ்கூலில் விட ஒரு கிலோமீட்டர், சாயங்காலம் காய்கறிக் கடை, ஒவ்வொரு இடத்திலும் ஆஃப் பண்ணி செல்ஃப். 50 ஆம்பியர் எடுக்கும் ஸ்டார்ட்டர் மூன்று வினாடி ஓடினால் போவது 0.04 ஆம்பியர் அவர். ஹெட்லைட், கன்சோல், பம்ப் எல்லாம் தின்றது போக பேட்டரிக்கு அரை ஆம்பியர் மிஞ்சுகிறது என்று வையுங்கள், அந்த ஒரு செல்ஃபை ஈடுகட்ட ஐந்து நிமிடம் ஓட வேண்டும். சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது அந்த அரை ஆம்பியரும் மிஞ்சாது. ஒரு கிலோமீட்டர் ஓட எவ்வளவு நேரம்? அவ்வளவுதான் விஷயம். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடினால் ஹெட்லைட்டும் எரிந்தே தீரும், அணைக்க சுவிட்சே கிடையாது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்ததிலிருந்து பெரும்பாலான வண்டிகளில் ஃபியூல் பம்பும் இன்ஜெக்டரும் சேர்ந்துகொண்டன. பழைய ஸ்பிளெண்டரில் ஹெட்லைட் நேராக காயிலிலிருந்து எரியும், பேட்டரிக்கு ஹார்னும் இண்டிகேட்டரும்தான் வேலை, அதோடு ஒப்பிட்டுப் பேசுவதில் அர்த்தமில்லை.

இதற்குத் தீர்வு செலவில்லாதது. வாரம் ஒரு முறை இருபது, முப்பது நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள், பைபாஸ் பக்கம் போய் வந்தாலே போதும். கிக்கர் இருக்கும் வண்டியில் காலையில் முதல் ஸ்டார்ட்டை கிக்கரில் அடியுங்கள். வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணைப்பது பேட்டரிக்கு நல்லது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், உண்மையில் செல்ஃபில் போனதுகூடத் திரும்பி வராது. செல்ஃபை ஐந்து வினாடிக்கு மேல் அமுக்கிப் பிடிக்காதீர்கள், எடுக்கவில்லையென்றால் பத்து பதினைந்து வினாடி விட்டு மறுபடி அடியுங்கள். பேட்டரி முழுக்க இறங்கிய இன்ஜெக்ஷன் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணப் பார்ப்பதும் பெரும்பாலும் வீண், பம்புக்கும் இ.சி.யு.வுக்குமே கரண்ட் இல்லை. ஸ்கூட்டரில் அது சுத்தமாக நடக்காது.

சார்ஜ் ஏற்றுவது

பேட்டரி 12.4-க்குக் கீழே நாள் கணக்கில் கிடந்தால் பிளேட்டில் படியும் லெட் சல்பேட் இறுகிக் கெட்டிப்படும், அப்புறம் அது சார்ஜில் கரையாது, பேட்டரியின் கொள்ளளவு அந்த அளவுக்குக் குறைந்துபோகும். அதனால் இறங்கியது தெரிந்தால் அன்றைக்கே ஏற்றுங்கள். எவ்வளவு ஆம்பியரில்? பேட்டரி எத்தனை ஆம்பியர் அவரோ அதில் பத்தில் ஒரு பங்கு. 5 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு 0.5 ஆம்பியர், ராத்திரி முழுக்க. கார் பேட்டரி சார்ஜரில் அரை மணி நேரத்தில் "ஃபுல் பண்ணித் தர்றேன்" என்பவரிடம் கொடுத்தால் வோல்ட் ஏறியிருக்கும், பேட்டரி உள்ளே வெந்திருக்கும். டூவீலர் பேட்டரிக்கென்று வரும் ஆட்டோமேட்டிக் சார்ஜரை வாங்கி வைத்துக்கொண்டால் வீட்டில் இருக்கும் எல்லா வண்டிக்கும் ஆகும். காற்றோட்டமான இடத்தில் வைத்து ஏற்றுங்கள், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், பூஜை அறைப் பக்கமோ அடுப்புப் பக்கமோ வேண்டாம்.

ஏற்றிவிட்டு ஒரு நாள் முழுக்க வண்டியில் மாட்டாமல் தனியாக வையுங்கள். 12.6-க்கு மேலே நின்றால் நல்லது. யாருமே தொடாமல் 12.4-க்குக் கீழே இறங்கிவிட்டால் பேட்டரியால் சார்ஜைப் பிடித்து வைக்க முடியவில்லை, அதன் கதை முடிந்தது. இன்னும் சந்தேகம் இருந்தால் 35 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை அதில் எரியவிட்டு வோல்ட் பாருங்கள், ஏறத்தாழ 3 ஆம்பியர் எடுக்கும். ஐந்து நிமிடத்திலேயே 11-க்குக் கீழே சரிந்தால் பதில் கிடைத்துவிட்டது. பல்பு கொதிக்கும், வெறும் கையில் பிடிக்காதீர்கள்.

தண்ணீர் ஊற்றும் பழைய வகை பேட்டரி என்றால் மாதம் ஒரு முறை மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே மட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், நம் ஊர் சித்திரை வெயிலில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ஆர்.ஓ. தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் எதுவும் வேண்டாம், ஆசிட் ஊற்றவே கூடாது, ஏனென்றால் ஆவியாகிப் போனது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது. பக்கவாட்டில் தொங்கும் மெல்லிய டியூப் கழன்றிருந்தால் மாட்டுங்கள், உள்ளிருந்து வரும் ஆசிட் செயின்மேலோ சேசிஸ்மேலோ வழிந்தால் துரு பிடிக்கும். மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரியின் மேல்மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்து தண்ணீர் ஊற்றித் தரும் ஆட்களும் உண்டு. சில நாள் ஓடும், அப்புறம் ஆசிட் கசிந்து கீழே இருக்கும் வயரிங்கைத் தின்னும். அந்த மிச்சம் வேண்டாம்.

ஊருக்குப் போகிறீர்கள், வண்டி மூன்று நான்கு வாரம் நிற்கும் என்றால் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுப் போங்கள், அவ்வளவே போதும். அதைவிட அதிக நாள் என்றால் மாதம் ஒரு முறை யாராவது சார்ஜ் ஏற்றட்டும். சூடு அதிகமானால் பேட்டரி சும்மா இருந்தாலும் வேகமாக இறங்கும், எனவே மொட்டை வெயிலில் கவர் போட்டு நிறுத்துவதைவிட நிழல் நல்லது.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

எல்லாம் பார்த்தாயிற்று, சார்ஜிங் 14.2, கசிவு இல்லை, பேட்டரிதான் போய்விட்டது. சரி, வாங்குங்கள். பழைய பேட்டரியின் மாடல் எண், ஆம்பியர் அவர், பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்பதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பாசிட்டிவ் பக்கம் மாறிய பேட்டரியில் வயரைப் பழைய பக்கத்திலேயே மாட்டினால் மெயின் ஃபியூஸும் ஆர்.ஆர். யூனிட்டும் ஒரு நொடியில் போகும். கடையில் எவ்வளவு நாளாக அலமாரியில் கிடக்கிறது என்பதைத் தயாரித்த மாதத்தைப் பார்த்தும், மீட்டர் வைக்கச் சொல்லியும் தெரிந்துகொள்ளலாம். 12.6-க்குக் கீழே காட்டினால் வேறு பீஸ் கேளுங்கள், கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. அங்கேயே ஆசிட் ஊற்றித் தரும் வகை என்றால் அரை மணி நேரமாவது ஊறவிட்டு முதல் சார்ஜ் போட்டுத்தான் தர வேண்டும், ஊற்றிய கையோடு மாட்டி அனுப்பினால் அது ஆயுள் முழுக்க நிறையாது.

வாரண்டி கார்டில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்குங்கள். பல பேட்டரிகளுக்கு வாரண்டியின் முதல் பாதியில் இலவச மாற்று, பின்பாதியில் விலையில் கழிவு என்று இருக்கும், இரண்டுக்கும் கார்டு வேண்டும். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், வீட்டிலும் வைக்காதீர்கள், உள்ளே ஈயமும் ஆசிட்டும். கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள், பில் போடும் முன்பே அந்தத் தொகையைப் பேசிவிடுங்கள். மாட்டி முடித்ததும் வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, ஆக்சிலரேட்டர் கொடுத்து, டெர்மினலில் 14 வருகிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள்.